பொத்தான் டப்பாவில் மாத்திரைகள்

தையற்காரரைத் தெருவில் எல்லோரும் "ஒரே குத்து" என்றே அழைக்கின்றனர்; நூலை நாவில் நனைத்து, ஊசிக்காதில் ஒரே முறையில் கோத்துவிடுவது அவர் வழக்கம். முறிந்து தெறித்த ஊசி இடக்கண்ணைப் பறித்துப் பத்து மாதங்கள் ஆகின்றன. அதன்பின், வேலியே பயிரை மேய்வதுபோல், உடலின் எதிர்ப்பாற்றலே அவருடைய நல்ல வலக்கண்ணைத் தாக்குகிறது. அதனை அடக்கும் மாத்திரையை ஒருநாளும் விடலாகாது என்பது மருத்துவரின் கட்டளை. முகத்தை உப்பச் செய்வது அம்மாத்திரையின் குணம். பிற்பகல் வெயில் சுவர்க்கண்ணாடியில் பட்டுத் தையல் எந்திரத்தின்மீது விழுகிறது. நூல் ஆறாம் முறையும் ஊசிக்காதைத் தவறி வளைகிறது.

"இன்னும் நாலு குத்து குத்துங்க மாமா, பேர மாத்திடலாம்," என்று மனைவியின் தம்பி சிரிக்கிறான். "பூசணிக்கான்னு கூப்பிட்டேன், ஒரே மாசத்துல மூஞ்சி வத்திடுச்சு. இப்ப கண்ணும் வத்திடுச்சா?"

பொத்தான் தேடும் மனைவி டப்பாவைப் பலகைமேல் கவிழ்க்கிறாள். பொத்தான்களினூடே ஒரு மாதத்து வெள்ளை மாத்திரைகள் உருள்கின்றன.

"அழகு கெட்டுடும்னு ஒளிச்சு வச்சீங்களா? அந்த அழகப் பாக்க ஒரு கண்ணாவது வேணாமா?" என்கிறாள் மனைவி.

அவர் தடவி ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோகிறார். அது பொத்தான். தம்பி தொடையில் தட்டிச் சிரிக்கிறான்.

"தண்ணி கொண்டா," என்கிறார் அவர் மெல்ல. "அந்தச் சுவத்துக் கண்ணாடியக் கழட்டி வச்சிடு."