அந்தக் கீச் என்ன ஆச்சு?

"அந்தக் கீச் என்ன ஆச்சுன்னு சொல்லாம மீதி மீசைய எடுக்க மாட்டேன் சார்!"

சலூன்காரர் சவரக் கத்தியை மடக்கிவிட்டார். ரைட்டர் சார் கண்ணாடியைப் பார்த்தார். மீசையில் வலது பாதி போயிருந்தது. இடது பாதி எதுவும் நடக்காத மாதிரி நுரைக்குள் உட்கார்ந்திருந்தது.

"விளையாடாதீங்கண்ணே! அஞ்சு மணிக்கு நான் கட்டிக்கப் போற பொண்ணு வீட்ல அவங்கப்பாவைப் பார்க்கணும். இன்னைக்கு விட்டா கல்யாணமே நடக்காது. அவருக்கு மீசை வச்சவனைக் கண்டாலே ஆகாதாம்."

"பாதி மீசை வச்சவனை?"

பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

அந்தக் கடையில் எல்லோருக்கும் அவர் ரைட்டர் சார்தான். வாரப் பத்திரிகையில் வரும் கொலைத் தொடரை எழுதுகிறவர் யாரென்று யாருக்கும் தெரியாது. பெயரும் புனைபெயர், படமும் போடுவதில்லை. 'அது நான்தான்' என்று ரைட்டர் சார் ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அவிழ்த்துவிட்டதிலிருந்து இந்தக் கடையில் அவருக்கு வரிசை கிடையாது. வந்ததும் நாற்காலிதான்.

பக்கத்து நாற்காலியில் கடைக்குப் புதிதான ஒருவர், தாடி ஊறட்டும் என்று முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தார். அது ஆதிகாலத்து நாற்காலி. கொஞ்சம் அசைந்தாலும் கீச்சிட்டது. ஒவ்வொரு கீச்சுக்கும் சலூன்காரர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்.

"பாருங்க, என்னை எந்த நிலைமைக்குக் கொண்டாந்து விட்டிருக்கீங்கன்னு! முதல் வாரம் ஓட்டல் முதலாளி தீயில கருகிச் செத்தாரு. ரெண்டாவது வாரம் சமையல்காரன் மாடிப்படி ஏறுறான், அவன் செருப்பு கீச்சுங்குது. எனக்குக் குலை நடுங்கிருச்சு. இதுல என்னமோ இருக்குன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு காத்திருந்தேன். நாலாவது வாரம் மறுபடியும் கீச். அப்புறம் அதைப் பத்திப் பேச்சே காணோம்! அடுத்த வாரம் கதை முடியுதாம். வீட்ல கதவு கீச்சுன்னாக்கூட எந்திரிச்சு உக்காந்துர்றேன். என் பொண்டாட்டி கதவுக்கு எண்ணெய் போட்டா. இப்ப ஏன் சத்தம் வரலைன்னு தூக்கம் வர மாட்டேங்குது!"

"அது ஒரு உத்திண்ணே," என்றார் ரைட்டர் சார், நுரை வாய்க்குள் போகாமல். "முன்னாடியே லேசா கோடி காட்டிட்டு விட்டுடணும். படிக்கிறவங்க அதையே நினைச்சுக்கிட்டு கிடப்பாங்க."

"கடைசி வரைக்கும் விட்டுட்டா அது உத்தி இல்ல சார், மறதி."

"மறந்துதான் போயிட்டாரோ என்னமோ," என்றது பெஞ்சு.

"யாரு, நம்ம சாரா? அவரு போட்ட முடிச்சு அவருக்குத் தெரியாதா? இப்ப சொல்லுவாரு பாருங்க!"

சலூன்காரரின் நம்பிக்கைதான் ரைட்டர் சாருக்குக் கத்தியைவிடப் பயமாக இருந்தது. கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது.

"அந்தச் செருப்பு... சின்னச் செருப்பு," என்று ஆரம்பித்தார். "போட்டிருக்கிறவன் காலு பெருசு. அளவு பத்தல. அதான் கீச்."

"சமையல்காரன் செருப்பு சமையல்காரனுக்கே எப்படி சார் பத்தாம போகும்?"

மூளைக்குள் எதுவோ பளிச்சிட்டது. "ஏன்னா போட்டிருக்கிறது சமையல்காரன் இல்ல! தீயில கருகினதுதான் சமையல்காரன். முதலாளி சாகவே இல்ல. அவன் செருப்பைப் போட்டுக்கிட்டு, அவனாட்டமே நடமாடுறாரு!"

கடையே வாயைப் பிளந்தது.

"அடப்பாவி!" சலூன்காரர் தலையில் கை வைத்தார். "அதான் அந்தச் சமையல்காரன் பல்வலி பல்வலின்னு மூஞ்சிய மூடிக்கிட்டே திரிஞ்சானா? நான் கிராம்பு வைக்கச் சொல்லணும்னுல்ல நினைச்சேன்! மூஞ்சிய மூடியிருக்கிறவனை நம்பவே கூடாது சார். எவ்வளவு நாளா எங்க கண்ணு முன்னாடியே உக்கார வச்சிருக்கீங்க!"

ரைட்டர் சாருக்கே ஆச்சரியம். பல்வலியை அவர் மறந்தே போயிருந்தார். எப்படியோ எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பெஞ்சு கைதட்டியது. அவர் பெருமையாக மோவாயைத் தூக்கிக் காட்டினார்.

"எடுங்கண்ணே, மீதிய."

சலூன்காரர் பக்தியோடு கத்தியை விரித்தார்.

கீச்.

பக்கத்து நாற்காலிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் இருந்த துண்டை எடுத்தார்.

"பிரமாதம் தம்பி! அந்தக் கீச்சை எங்க கொண்டுபோய் முடிக்கிறதுன்னு தெரியாம இத்தனை நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தேன். போனதும் முதல் வேலையா எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிடுறேன்."

ரைட்டர் சாரின் முகம் நுரையைவிட வெளுத்தது. சலூன்காரர் அவரைப் பார்த்தார், துண்டுக்காரரைப் பார்த்தார், கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டார்.

"எந்திரிங்க. மீதி மீசைக்கு வரிசையில வாங்க!"