மீதி ஐம்பது நிமிடம்

"தூரம் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். பயண நேரம் நாற்பது நிமிடங்கள்" என்றது விமானத்தின் ஒலிபெருக்கி.

அம்மா மகளின் கையைத் தட்டினாள். "தப்பா சொல்றாங்கடி. ஒன்றரை மணி நேரம்."

"நாற்பதுதாம்மா. டிக்கெட்லயும் அப்படித்தான் போட்டிருக்கு."

"உங்கப்பா பதினோரு வருஷம் இதுல வந்தவர். எனக்குத் தெரியாதா?"

அம்மாவுக்கு விமானக் கம்பெனியைவிட அப்பாவின் பேச்சில்தான் நம்பிக்கை.

அந்த வெள்ளிக்கிழமைகளை மறக்க முடியுமா? இந்த விமானம் கிளம்பிய ஊரில்தான் அப்பாவுக்கு வேலை. ஐந்தரைக்கு 'ஏறப்போறேன்' என்று போன் வரும். அவர் சொன்ன கணக்குப்படி ஏழு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். ஏழேகாலுக்குச் சிரித்த முகமாக வாசலில் நிற்பார். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு காலைக் கட்டிக்கொள்ளும். அந்தச் சிரிப்புக்காகவே வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தாள்.

அவர் போய் ஒரு வருஷமாகிறது. அவருடைய பழைய ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் வந்த விமானத்தில் இன்றுதான் முதல்முறையாக வருகிறாள்.

சரியாக நாற்பதாவது நிமிடம் சக்கரம் தரையைத் தொட்டது.

"அப்போ மீதி ஐம்பது நிமிஷம் எங்கே போனார்?"

"அந்தக் காலத்துல மெதுவா ஓட்டியிருப்பாங்கம்மா."

"எனக்கே காது குத்தாதே. இங்கேருந்து வீடு பத்து நிமிஷம். யாரைப் பார்த்துட்டு வந்தார்னு கேட்கக்கூட ஆள் இல்லாம போயிட்டாரே!" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வரும் வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் மகளின் தோளில் தொங்கிய பையையே பார்த்தார். அறுந்த வாருக்கு நீல நாடா வைத்து அம்மா தைத்துக் கொடுத்த பை.

"இது வெள்ளிக்கிழமை சாரோட பையாச்சே! சார் எப்படி இருக்காரு?"

மகள் சொன்னாள். கடைக்காரர் கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்.

அம்மா விடவில்லை. "இங்கே யார்கூட இருப்பார்?"

"யார்கூடவா? இந்த பெஞ்சுலதாம்மா, தனியா. விமானம்னாலே சாருக்கு உயிர் போகும். வழியெல்லாம் வாந்தி. இறங்கினா கை காலெல்லாம் உதறும். எலுமிச்சைச் சாறு குடிச்சுட்டு, உதறல் நிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அப்புறம் அதோ அந்தக் கண்ணாடியில சிரிச்சுப் பார்த்துட்டு, 'இப்போ சரியா இருக்காப்பா?'ன்னு என்னைக் கேட்பார்."

"ரயில்ல வந்திருக்கலாமே..." என்றாள் அம்மா.

"நானும் சொன்னேம்மா. 'ரயில் மலையைச் சுத்தி வர்றதுக்குள்ள பிள்ளைங்க தூங்கிடும்'னார். 'வீட்லயாவது சொல்லுங்க சார்'னேன். 'அய்யய்யோ, சொன்னா அவ வாரா வாரம் வர வேண்டாம்னுடுவாப்பா'ன்னார்."