வெறுங்கால் தடம்

மூன்றாவது வெள்ளிக்கிழமையாக, வீட்டைச் சூடாக்கும் தோட்டத்து விறகு பாய்லர் அணைந்துவிட்டது. நியூஜெர்சிக் குளிரில் வீடே விறைத்தது. சிபியை அதைவிட நடுங்க வைத்தவை, பாய்லர்வரை பனியில் பதிந்திருந்த வெறுங்கால் தடங்கள். மூன்று வாரமும் அதே தடங்கள். மனைவி பயப்படுவாளென்று சொல்லவில்லை.

"கயல், கதவ லாக் பண்ணிக்கோ. வெளிய வராத!"

"ஏங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

பாய்லரைத் திறந்தான். உள்ளே காற்று போகும் துளைகளெல்லாம் கரியால் அடைபட்டிருந்தன. கம்பியால் குத்தினான். கட்டியாக உதிர்ந்தது, அதில் ஒரு கருகிய முந்திரி.

பின்னால் காலடிச் சத்தம். அலறித் திரும்பினான்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் மீதிச் சர்க்கரைப் பொங்கலோடு கயல் நின்றாள்.

"அணையக்கூடாதுன்னு வெள்ளிக்கு வெள்ளி அக்னிக்குப் படைக்கிறேன். அப்படியும் அணையுதேங்க!"