ஐந்தாவது புரொஜெக்டர்

மோட்டார் சைக்கிள் மறுபடியும் லோரியின் அடியில் போனது.

"பார்த்தீங்களாம்மா? எங்கிருந்தோ திடீர்னு முளைக்குது. இடது பக்கம் படமே இல்லலா," என்றார் அர்ஜுனன், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தபடி.

சுகந்தினி எண்ணிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது நான்காவது முறை.

புக்கிட் பெருந்துங் ஊரில் லோரி ஓட்டுநர்களுக்கான பயிற்சி நிலையம் அது. கூடத்தின் நடுவில் ஓர் இருக்கை, ஸ்டியரிங், பிரேக். அவற்றைச் சுற்றி அரைவட்டமாக வெள்ளைத் திரை. உட்கார்ந்தால் ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் சாலைதான். கூரையில் தொங்கிய ஐந்து புரொஜெக்டர்கள் ஆளுக்கொரு துண்டாக அந்தச் சாலையைக் காட்டின. துண்டுகள் ஒட்டும் இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்த வளைவை வரைந்தவள் சுகந்தினி.

அர்ஜுனன் தலைமைப் பயிற்சியாளர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

சோதனை எளிமையானது. அசாம் ஜாவா ஊர்ப் பக்கம் படம் பிடித்த சாலை, இருபுறமும் செம்பனைத் தோட்டம். ஒரு மோட்டார் சைக்கிள் பின்னாலிருந்து இடப்பக்கமாக ஏறி வரும். கதவோரம் சற்று நேரம் கூடவே ஓடும். பிறகு சட்டென்று முன்னால் வெட்டும். கதவோரம் வரும்போதே கவனித்துவிட்டால் பிரேக் போட நேரம் இருக்கிறது.

மூன்று வாரமாக அவர் கவனிக்கவில்லை. மூன்று வாரமாகக் குற்றம் திரையின் மேல்தான்.

அவள் இடது ஓரத்துப் புரொஜெக்டரை, வலமிருந்து எண்ணினால் ஐந்தாவதை, கழற்றிப் புதிதாக மாட்டினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். திரையின் அந்த முனையை அறுத்து, பத்து சென்டிமீட்டர் உள்ளே வளைத்து மறுபடி தைக்க வைத்தாள். தானே உட்கார்ந்து பார்த்தாள். சிவப்பு ஹெல்மெட் போட்டவன் பளிச்சென்று வந்தான். இன்னொரு பயிற்சியாளர் யுவனேஸ்வரன் ஆறு முறை ஓட்டினார். ஆறு முறையும் நேரத்துக்குப் பிரேக் போட்டார்.

அதைச் சொன்னபோது அர்ஜுனன் சிரித்தார்.

"நான் முப்பத்தோரு வருஷம் ரோட்டுல இருந்தவன்மா. நீங்க கம்ப்யூட்டர்ல ரோட்ட பார்த்தவங்க."

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

இன்று காலை முதலாளி போன் செய்திருந்தார். இந்த வாரமும் கையெழுத்து வரவில்லையென்றால் வேறு ஆளை அனுப்பப் போகிறாராம்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க, அங்கிள்," என்றாள் சுகந்தினி. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

மேசைக்குப் போய், ஐந்தாவது புரொஜெக்டரை முழுக்க அணைத்தாள். மோட்டார் சைக்கிளையும் எடுத்துவிட்டாள். படம் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்கட்டும். பார்த்துவிட்டுக் கத்தட்டும். அப்போது தானும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

திரையின் இடது முனை கறுத்தது. மற்ற நான்கில் சாலை ஓடத் தொடங்கியது.

அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அர்ஜுனன் கத்தவில்லை. முன்னால் பார்த்தபடி நிதானமாக ஓட்டினார். வளைவில் வேகத்தைக் குறைத்தார். எதிரே வந்த டாங்கர் லோரிக்கு வழி விட்டார். ஆறு நிமிடம் கழித்து, கோடு தாண்டாமல் ஓரமாக நிறுத்தினார்.

"இப்பதான் சரியா இருக்கு. திடீர்னு எதுவும் முளைக்கல. என்ன செஞ்சீங்க?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. மனம் நிறைந்துதான் கேட்டார். பக்கத்தில் இருந்த தாளை எடுத்து, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மூன்று வாரமாக அவள் தவித்தது இந்தத் தாளுக்குத்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். முதலாளி சந்தோஷப்படுவார். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

சுகந்தினி இருண்டு கிடந்த அந்த முனையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அங்கிள், ஒரு நிமிஷம் அப்படியே உட்காருங்க. நேரா பாருங்க. தலைய மட்டும் திருப்பாதீங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் பின்பக்கமாகச் சுற்றி அவருடைய இடப்பக்கம் வந்தாள். புரொஜெக்டர் விசிறிகளின் இரைச்சலில் காலடி கேட்கவில்லை. அவர் காதுக்குச் சற்று முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் நின்று மூன்று விரல்களை நீட்டினாள். ஆட்டினாள்.

அர்ஜுனன் நேரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போயிட்டீங்க?" என்றார்.

"இங்கதான் இருக்கேன், அங்கிள்."

அவர் திரும்பினார். விரல்களைப் பார்த்தார். மெல்ல முகத்தை முன்னால் கொண்டுபோனார். மறுபடி திரும்பினார். மறுபடி முன்னால். மூன்றாவது முறை திரும்பவில்லை.

சுகந்தினி கையைத் தாழ்த்தினாள்.

பிறகு அர்ஜுனன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நான் ஓட்டுற பள்ளிக்கூட வேன் சாவி. ஒண்ணேகாலுக்கு கலும்பாங்ல பதினாலு பிள்ளைங்க நிக்கும்," என்றார். "யுவனேஸ்வரன போகச் சொல்லுங்கம்மா."