மெட்டில்லாமல் ஒரு வார்த்தை

“பேசாதீங்க சார், பாடுங்க! ‘தண்ணி வேணும்’. எங்க, என்னோட சேர்ந்து பாடுங்க!”

பாட்டு டாக்டர் மேசையில் தாளம் தட்டினாள். உண்மையில் அவள் டாக்டர் இல்லை. இசைச் சிகிச்சை படித்தவள். அந்தப் பெயரை வைத்தது பெரிய டாக்டர். மரியாதைக்காக வைத்த பெயர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எதிரே சக்கர நாற்காலியில் ஏலக்காரர். பழைய சாமான்களை ஏலம் விட்டே காலம் தள்ளியவர். வாயாலேயே பிழைத்த மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையோடு வாயையும் கட்டிப்போட்டுவிட்டது. எதைக் கேட்டாலும் “அது... அது...”தான்.

“தண்... ணீ... வே... ணும்...” என்று ராகமாக இழுத்தார். முழுசாக வந்துவிட்டது! அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

“பாத்தீங்களா! மூளையில பேச்சு ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம். பேச்சுப் பக்கம்தான் அடி. பாட்டு வழியா சுத்திக்கிட்டுப் போய் அதைப் பிடிக்கப் போறோம்.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் பக்கம் திரும்பினாள். “வீட்டுல இதை நீங்கதாம்மா செய்யணும். எங்க, ‘என்ன வேணும்’னு அவரைக் கேளுங்க.”

“நீங்களே கேளுங்க.”

“நான் வீட்டுக்கு வர முடியுமா? கூட இருக்கறது நீங்கதானே?”

“இருக்கேன்...” அந்தம்மா கைப்பையின் வாரைத் திருகினார். “பேசறதுதான் ஆகாது.”

“யாரு பேசச் சொன்னா? பாடினா போதும்.”

அந்தம்மா சட்டென்று நிமிர்ந்தார். “பாடினா அது பேச்சுக் கணக்குல வராதா?”

பாட்டு டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. பாவம், கூச்ச சுபாவம் போலிருக்கிறது. “வரவே வராதும்மா. ரெண்டும் வேற வேற. வேணும்னா எழுதியே தர்றேன்.”

அந்தம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, “என்ன வேணும்?” என்று பாடியே விட்டார். ஏலக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகா, சிகிச்சை வேலை செய்கிறது என்று பாட்டு டாக்டர் பூரித்துப்போனாள்.

அதற்கப்புறம் அந்தம்மாவைப் பிடிக்க ஆளில்லை. பயிற்சி வாக்கியங்களைத் தானே இட்டுக்கட்டிக்கொண்டு வந்தார். “கேக்காம விக்க மாட்டேன்” என்று அவர் எடுத்துக் கொடுப்பார்; ஏலக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பின்பாட்டுப் பாடுவார். “தப்பு தப்புதான்” என்பது அடுத்த அடி. ஏலத்தில் யாரும் கேட்காமல் எப்படி விற்க முடியும், தொழில் தர்மமாக இருக்கும் என்று பாட்டு டாக்டர் முடிவு கட்டிக்கொண்டாள். படித்தவர்களுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்!

பெரிய டாக்டர் அவ்வப்போது எட்டிப்பார்ப்பார். “என்னம்மா, கச்சேரி எப்படிப் போகுது? மெட்டை எடுத்துட்டா மனுஷன் பேசணும், தெரியுமில்ல? பேசலைன்னா இந்த ரூம் எக்ஸ்ரேக்குப் போயிடும்.” மாத்திரை கொடுக்காத வைத்தியம் அவருக்கு வைத்தியமே அல்ல.

ஆனால் ஏலக்காரர் பேசினார். மெட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து, ஒரு நாள் காலையில், “என்ன மேடம், இன்னிக்கு லேட்டு?” என்று சாதாரணமாகக் கேட்டார். பாட்டு டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கையோடு இழுத்து வந்தாள்.

“உங்க ஸ்டெதாஸ்கோப் ரொம்பப் பழசு டாக்டர். ஏலத்துல போகாது,” என்றார் ஏலக்காரர். பெரிய டாக்டரே சிரித்துவிட்டார்.

“வீட்டுலயும் இப்படித்தான் பேசறாராம்மா?” என்று பெரிய டாக்டர் அந்தம்மாவைக் கேட்டார்.

“என்கிட்டயா? பாட்டுதான்.”

“பேச்சே இல்லையா?”

“ஒரு வார்த்தை கிடையாது. பாட்டுதான்.”

பெரிய டாக்டரின் சிரிப்பு நின்றது. பாட்டு டாக்டர் அவசரமாகக் குறுக்கே வந்தாள். “மெட்டு பழகிப்போச்சு சார், வேற ஒண்ணும் இல்ல. அம்மா, இன்னியோட வீட்டுல பாட்டு கூடாது. சாதாரணமா பேசணும். சார், அம்மாகிட்ட ‘வீட்டுக்குப் போலாமா’ன்னு கேளுங்க. மெட்டு இல்லாம!”

அந்தம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஏலக்காரர் மனைவியின் முதுகைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“அது... அது...”

“நாளைக்கு எக்ஸ்ரே மெஷின் வந்துடும்மா, ரூமைக் காலி பண்ணிடு,” என்று பெரிய டாக்டர் நடையைக் கட்டினார்.

பாட்டு டாக்டர் அழாத குறையாக வராந்தாவுக்கு ஓடினாள். கார்ச் சாவியோடு காத்திருந்த ஏலக்காரரின் மகளிடம், “உங்கப்பா நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு! இனிமே பாட்டு வேணாம், அம்மாகிட்ட சாதாரணமா பேசுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்!” என்றாள்.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “குடியைக் கெடுத்தீங்களே மேடம்! அம்மாவோட தையல் மெஷினை அப்பா கேக்காம ஏலம் விட்டுட்டாரு. ‘செத்தாலும் உங்களோட பேச மாட்டேன்’னு அம்மா அன்னிக்கு சத்தியம் பண்ணினாங்க. ஒன்பது வருஷமா அப்பா பேசினாலும் பதில் கிடையாது, நடுவுல நான்தான் தூது. பாட்டு பேச்சுக் கணக்குல வராதுன்னு நீங்க சொன்ன பிறகுதான் ரெண்டு பேரும் பேசிக்கவே ஆரம்பிச்சாங்க!”