படி வெட்டாத வில்

“வில்லைத் தா புள்ள. பத்து நிமிசத்தில வெட்டித் தாறன்.”

கோணாமலை இடுப்பில் செருகியிருந்த அரத்தை எடுத்தான். அவன் மனைவி துசாந்தினி வில்லை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“வேணாங்க.”

“என்ன வேணாம்? காலையில நீதானே கேட்டாய்?”

அது உண்மைதான். வாகரையில் பஸ் ஏறும்போதே அவள் கேட்டிருந்தாள். அம்பு இடது கை விரலை உரசிக்கொண்டு போகிறது, இறகின் முள் தோலைக் கிழிக்கிறது, கைபிடிக்கு மேலே இடப் பக்கத்தில் அம்பு இருக்க ஒரு சின்னப் படி வெட்டித் தந்தால் விரலும் தப்பும், அம்பும் நேரே போகும் என்று. வில்லைச் செய்தவன் அவன். நல்ல விண்ணாங்குத் தடி. நாலு மாதம் நிழலில் காயவைத்துச் சீவியது. இடைவேளையில் படி வெட்டுவதாகப் பேச்சு.

இடைவேளை விட்டதும் விரலைக் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனவள், கால் மணி நேரம் கழித்து வந்து இப்போது வேண்டாம் என்கிறாள்.

வவுணதீவு மைதானத்தில் அன்று மாவட்டத் தெரிவு. வில் மரத்தில் கையால் செய்ததாக இருந்தால் போதும். படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆளுக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து அம்பு. கொழும்புக்குப் போக ஒரே ஓர் இடம்.

போன வருடம் அந்த இடம் ஒரு புள்ளியால் துசாந்தினியின் கையை விட்டுப் போனது. அதை எடுத்தவள் நிஸ்றா. இடது கையால் நாண் இழுப்பவள் என்பதால் மைதானத்தில் எல்லோருக்கும் அவள் ‘ஏறாவூர் இடக்கை’. இந்த முறையும் முதல் சுற்றில் அவள்தான் மூன்று புள்ளி முன்னால்.

“ஒரு வருசமா இதுக்காகத்தானே சேனைப் பயிரில குரங்கு கலைக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அம்பும் கையுமா நிண்டாய்?” என்றான் கோணாமலை. “விரலைப் பாரு. கத்தரிக்காய் அரிஞ்ச மாதிரிக் கிடக்கு.”

“வில்லு இப்பிடியே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் கோட்டுக்கு நடந்தாள்.

அவன் முணுமுணுத்தபடி வாங்கில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் ஏறாவூர் உசனார். நிஸ்றாவுக்காக வேன் பிடித்து ஆட்களோடு வந்தவர்.

“தம்பி, வில்லு நீங்க செஞ்சதாமே. தோத்தாலும் அடுப்புக்கு ஆகும்,” என்றார்.

கோணாமலை வாயைத் திறக்குமுன் முதல் அம்பு வைக்கோல் இலக்கில் தைத்தது. ஒன்பது.

வாவிக் காற்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. துசாந்தினி காற்று ஓயும்வரை பொறுத்தாள். அம்பை மடக்கிய விரலின் மேல், காயத்தின் மேலேயே வைத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எட்டு. மறுபடி ஒன்பது. அதற்கடுத்த அம்பு போனபோது அதன் இறகு சிவந்திருந்தது வாங்கிலிருந்தே தெரிந்தது. எட்டு.

உசனாரின் பகிடி நின்றுபோயிருந்தது. “அந்தப் புள்ளைக்கு நோவே இல்லையா?” என்று மெல்லக் கேட்டார்.

கோணாமலையின் கோபமும் எப்போதோ கரைந்திருந்தது. அவனுக்கு இப்போது காரணம் விளங்கிவிட்டது. “நான் செஞ்ச வில்லு, உசனார் நானா. அதில அரம் படுறது அவளுக்குப் பொறுக்கல்ல,” என்றான்.

கடைசி அம்பு மஞ்சள் வட்டத்தின் நடுவில் நின்றது. பத்து. ஏறாவூர் வேனில் வந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

நிஸ்றா வெல்ல வேண்டுமானால் இனி நாற்பத்திரண்டு எடுக்க வேண்டும். முதல் சுற்றில் அவள் எடுத்தது நாற்பத்தொன்று.

துசாந்தினியை முதலுதவிக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். கோணாமலை ஓடிப்போய் வில்லை வாங்கிவந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி நிஸ்றாவின் பெயரைக் கூப்பிட்டது. ஆளைக் காணவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டது. மூன்றாவது அழைப்புக்கும் வராவிட்டால் இடம் துசாந்தினிக்கு என்று அறிவித்தார்கள்.

“பயந்திட்டா போல,” என்றான் கோணாமலை. உசனார் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது துசாந்தினி விரலில் பாதி சுற்றிய துணியோடு ஓடிவந்தாள்.

“வில்லைத் தாங்க.”

“எதுக்கு? நீதான் முடிச்சிட்டாயே.”

அவள் அதைப் பறித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடினாள். அவனும் பின்னால் ஓடினான்.

தொட்டி மறைவில் நிஸ்றா நின்றாள். அவளுடைய வில் காலடியில் இரண்டாகக் கிடந்தது. நாண் மட்டும் இரு துண்டுகளையும் பிடித்துக்கொண்டிருந்தது.

“இடைவேளையில தாறன் எண்டுட்டு, வராம விட்டிருவீங்களோ எண்டு நினைச்சன், அக்கா,” என்றாள் நிஸ்றா.

“இவர் ஊருக்கெல்லாம் காட்டிட்டு நிண்டார்,” என்ற துசாந்தினி, வில்லை அவள் வலது கையில் வைத்தாள். பிறகு தன் விரலில் தொங்கிய துணியை அவிழ்த்து நிஸ்றாவின் விரலில் சுற்றத் தொடங்கினாள். மூன்றாவது அழைப்பு கேட்டது. நிஸ்றா ஓடினாள்.

கையில் அரத்தோடு மலைத்து நின்ற கணவனைத் துசாந்தினி திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க இடப் பக்கம் படி வெட்டியிருந்தா, இடக்கைக்காரி இதில எங்கேங்க அம்பு வைப்பா?”