ஐந்தாவது வரிசைக்காரர்

எங்கே பார்த்தாலும் சளிக் காய்ச்சல். அதனால் ஞாயிறு ஆராதனையில் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிச் சமாதானம் சொல்வதை நிறுத்துவதாகச் சர்ச் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார், போன மாதம் மாற்றலாகி வந்த குருவானவர்.

மாலையில் தையல்காரர் வந்து நின்றார்.

"ஐயா, அந்த நோட்டீஸைக் கிழிச்சிடுங்க."

"இன்னைக்கு இதைக் கேட்டு வர்ற ரெண்டாவது ஆள் நீங்க. கும்பிட்டுச் சமாதானம் சொன்னா ஆகாதா?"

"ஆகாது. கையைப் பிடிச்சுத்தான் சொல்லணும்."

குருவானவர் முகம் கடுத்தது. ஞாயிறுதோறும் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐந்தாவது வரிசையில் உட்காரும் இந்த மனிதர், தனக்கு முன் வரிசையில் பச்சைக்குடையோடு வந்து உட்காரும் அம்மாவிடம்தான் முதலில் கையை நீட்டுவார். பிடித்த கையைச் சட்டென்று விடவும் மாட்டார்.

"இந்த வயசுல இதெல்லாம் நல்லாவா இருக்கு? அந்தம்மா வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"வீட்டுக்காரரே நான்தான் ஐயா!"

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்கு ஜாக்கெட் தைக்கிறப்போ, 'அளவு ரெண்டு அங்குலம் கூடியிருக்கே'ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மூணு வாரமா முகம் கொடுத்துப் பேசறதில்ல. சர்ச்ல மட்டும்தான் கையைத் தர்றா. நான் வந்து கேட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. மானம் போயிடும்."

குருவானவர் சிரித்தபடியே நோட்டீஸைக் கிழித்தார்.

"காலையில வந்த முதல் ஆள் கையில பச்சைக்குடை இருந்தது. போறப்போ அவங்களும் இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க."